நிற்கும்போது அணையும் எஞ்சின்: திருகோணமலையில் அது எவ்வளவு மிச்சம் பிடிக்கும்?

சந்தியில் பிரேக்கை அழுத்தி நிறுத்தியதும் எஞ்சின் தானாக அணைகிறது. காலை எடுத்ததும் தானாகவே ஓடத் தொடங்குகிறது. ஜப்பானில் இருந்து வந்த வேகன் ஆர், விட்ஸ், மிரா போன்ற சிறிய கார்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. அங்கே இதை ஐட்லிங் ஸ்டொப் என்பார்கள், இங்கே ஸ்டார்ட் ஸ்டொப் என்கிறோம். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகு, கார் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் தவறாமல் வருகிறது. இந்த வசதி உள்ளதை வாங்குவதா, இல்லாததையா? ஏற்கெனவே இருந்தால் ஓடவிடுவதா, பட்டனை அழுத்தி நிறுத்தி வைப்பதா? கராஜில் ஒரு பதில் கிடைக்கிறது, விற்பவரிடம் அதற்கு நேரெதிரான பதில் கிடைக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் நாள்தோறும் ஓடுபவருக்கு இது பயனுள்ள வசதி. திருகோணமலையிலேயே வாழ்ந்து, நகரத்துக்குள்ளும் கிண்ணியா, நிலாவெளி வரையிலும் ஓடுபவர் இதற்காக ஒரு ரூபாகூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் காரில் இது இருக்கிறது என்பதற்காக அந்தக் காரை ஒதுக்கவும் வேண்டாம். நம்மிடம் பெற்றோல் உண்மையில் வீணாகும் இடம் வேறு. அங்கே இந்தக் கருவி பெரிதாக உதவாது, நம் கைதான் உதவும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் அளவுள்ள சிறிய பெற்றோல் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். ஏ.சி. போட்டால் இன்னும் ஏறும். நடுத்தரமாக 0.7 லீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். பெற்றோல் விலையை, கணக்குக்கு எளிதாக, லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

உப்புவெளியில் இருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்து போகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அனுராதபுரச் சந்தியில் கொஞ்சம், மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் கொஞ்சம், கடைத்தெருவில் லொறி ஒன்று சாமான் இறக்கி முடியும்வரை கொஞ்சம். எல்லாம் சேர்த்தாலும் நாளுக்கு ஐந்து நிமிடம் நிற்பார். வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 25 மணித்தியாலம். அது 17.5 லீற்றர், அதாவது 5,250 ரூபா. கருவி ஒவ்வொரு நிறுத்தத்திலும் தவறாமல் வேலை செய்தால் மட்டுமே அவ்வளவு. அது அப்படிச் செய்வதில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். பாதி என்று வைத்தால் 2,600 ரூபா அளவில் வரும்.

அதே காரைக் கொழும்பில் காலி வீதியிலோ பேஸ்லைன் வீதியிலோ காலையும் மாலையும் ஓட்டினால் நாளுக்கு அரை மணித்தியாலம் நிற்பது பெரிய விடயமல்ல. வருடத்துக்கு 150 மணித்தியாலம், 105 லீற்றர், 31,500 ரூபா. அதில் பாதி கிடைத்தாலும் அது பணம்தான். வசதி ஒன்று, கார் ஒன்று, ஊர் மட்டும் வேறு.

உற்பத்தியாளர்கள் இதை ஏன் இவ்வளவு ஆர்வத்தோடு பொருத்தினார்கள் என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. எரிபொருள் சிக்கனத்தை அளக்க ஜப்பான் முன்பு பயன்படுத்திய ஜே.சி.08 என்ற சோதனை முறையில், மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் வாகனம் நின்றபடி இருக்கும். டோக்கியோ நெரிசலை மனதில் வைத்து வகுத்த முறை அது. அதில் எஞ்சினை அணைத்தால் விளம்பரத்தில் போடும் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற எண் அழகாக ஏறும். பின்பு வந்த உலகப் பொதுச் சோதனை முறையில் நிற்கும் நேரம் இதைவிட வெகுவாகக் குறைவு. ஐரோப்பாவில் அது 13 சதவீத அளவுதான். அந்த மாற்றத்துக்குப் பிறகு, 2020 இல் ஜப்பானில் வெளிவந்த யாரிஸ் காரின் சாதாரண பெற்றோல் வகைகளை டொயோட்டா இந்த வசதி இல்லாமலே விற்றது. இத்தனைக்கும் 1970களின் நடுப்பகுதியிலேயே கிரவுன் காரில் எஞ்சினை அணைக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்த நிறுவனம் அது. ஆகவே, விற்பவர் காட்டும் ஜப்பானியச் சிக்கன எண்ணை ஹபரணை வீதியில் எதிர்பார்க்காதீர்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் செல்லும் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணத்தில், யானை குறுக்கே நின்றாலொழிய நிற்க வேண்டிய இடமே குறைவு.

இனி, நம்மூரில் கருவி ஏன் பாதி நேரம் சும்மா இருக்கிறது என்று பார்ப்போம். எஞ்சினை அணைக்கும் முன் வாகனத்தின் கணினி பலவற்றைச் சரிபார்க்கும். எஞ்சின் போதிய அளவு சூடாகியிருக்க வேண்டும். பற்றரியில் போதிய மின்சாரம் இருக்க வேண்டும். சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும். உள்ளே போதிய குளிர் இருக்க வேண்டும். பல கார்களில் ஸ்டியரிங் திரும்பியிருந்தாலோ சரிவான இடத்தில் நின்றாலோ அணைக்காது.

இந்த நிபந்தனைகளோடு நம் நகரத்தைப் பொருத்திப் பாருங்கள். ஓர்ஸ்ஹில்லில் இருந்து சந்தைக்கு, சந்தையில் இருந்து மடத்தடிச் சந்திக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. எல்லாம் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டங்கள். எஞ்சின் சூடேறும் நேரத்தில் இடம் வந்துவிடுகிறது. இப்படித் துண்டு துண்டாக ஓடினால், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமே பற்றரிக்கு முழுதாகத் திரும்புவதில்லை. சில வாரங்களில் கணினி அதைக் கண்டுகொண்டு அணைப்பதையே நிறுத்திவிடும். அத்தோடு வெயில். கச்சான் வீசும் மாதங்களில் பகலில் வெளியே நிறுத்திய காருக்குள் ஏறி ஏ.சி.யை முழு வேகத்தில் போட்டால், அது குளிர்ந்து முடியும்வரை கணினி எஞ்சினை அணைக்க விடாது. அணைத்தாலும் ஒரு நிமிடத்தில் உள்ளே சூடு ஏற, மறுபடி ஓடவிடும். சாதாரண கார்களில் ஏ.சி. கொம்பிரசரைச் சுழற்றுவது எஞ்சின்தான். அது நின்றால் மின்விசிறி மட்டும் காற்றுத் தள்ளும். சுசூக்கி இதற்கென்று 2012 இல் வந்த வேகன் ஆரில் குளிரைத் தேக்கி வைக்கும் ஒரு பொருளை ஏ.சி.க்குள் வைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் மே மாதத்து நண்பகலில் அந்தக் குளிர் சிறிது நேரமே தாங்கும்.

மிகக் குறுகிய நிறுத்தங்களால் இலாபமும் இல்லை. சூடான எஞ்சினை அணைத்து மீண்டும் ஓடவிடுவது, பத்து விநாடிக்கு மேல் நின்றால் மட்டுமே எரிபொருளில் மிச்சம் தரும் என்பது அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் பரிந்துரைக்கும் அளவுகோல். நிலாவெளி வீதியில் மாடு கடக்க நிற்பது, கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்கு ஏறும் பாதையில் மான்களுக்கும் நடந்துபோகும் அடியார்களுக்கும் வழிவிடுவது, முன்னால் போன ஓட்டோ திடீரென்று ஆள் ஏற்றுவது: இவையெல்லாம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். சில வேகன் ஆர்களில் வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கியதுமே, முழுதாக நிற்கும் முன்னரே எஞ்சின் அணைந்துவிடும். சிவப்பு விளக்கை நோக்கி மெதுவாக நெருங்கும் ஊருக்கு அது பொருத்தம். மாட்டைச் சுற்றி வளைத்து ஓட்டும் ஊருக்கு அது தொந்தரவு.

கராஜில் சொல்லும் அச்சங்களையும் எடைபோட வேண்டும். "இத்தனை தரம் ஸ்டார்ட் பண்ணினால் ஸ்டார்ட்டர் மோட்டர் போய்விடும், எஞ்சின் தேய்ந்துவிடும்" என்பது அதிகம் கேட்கும் பேச்சு. சாதாரண காரில் கையால் அடிக்கடி அணைத்துப் போட்டால் ஸ்டார்ட்டரின் ஆயுள் குறையும் என்பது உண்மை. ஆனால் இந்த வசதியோடு வரும் கார்களின் ஸ்டார்ட்டர் பல மடங்கு அதிகமான தடவைகளுக்கென்றே வலுப்படுத்தப்பட்டது. எஞ்சின் தேய்மானத்தில் பெரும்பங்கு காலையில் குளிர்ந்த நிலையில் முதல் தடவை ஓடவிடும்போது நேர்கிறது. அரை நிமிடம் நின்று மறுபடி ஓடும் சூடான எஞ்சினில் எண்ணெய் இன்னும் எல்லா இடத்திலும் படிந்திருக்கும். எண்ணெயைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். கையேடு மெல்லிய எண்ணெய் போடச் சொன்னால் அதையே போடுங்கள். வெப்பமான நாடு என்று சொல்லிக் கெட்டியான எண்ணெயை ஊற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அடிக்கடி அணைந்து ஓடும் எஞ்சினுக்கு அது நல்லதல்ல.

பற்றரியைப் பற்றிய அச்சத்தை மட்டும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இந்தக் கார்களுக்கு வேறு வகைப் பற்றரி வேண்டும். அடிக்கடி ஆழமாக வடிந்து விரைவாக நிரம்பும்படி செய்தவை அவை. ஜப்பானிய அளவுகளில் எம்-42, என்-55 என்று மேலே எழுதியிருக்கும். அதே அளவுப் பெட்டியில் வரும் சாதாரண பற்றரியைவிட விலை கணிசமாகக் கூட. அதைத் தவிர்க்கச் சாதாரணமானதைப் போட்டு, கருவியையும் ஓடவிட்டால், அந்தப் பற்றரி வெகு விரைவில் உயிரை விடும். பிறகு பழி கருவியின் மேல் விழும்.

எந்தப் பற்றரிக்கும் பகை குளிரல்ல, சூடுதான். வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது ஈயப் பற்றரிக்குப் பொதுவான விதி. ஜப்பானில் பல வருடம் உழைக்கும் பற்றரியிடம் இங்கே அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. கடற்கரையோரத்தில் உப்புக்காற்றும் சேர்கிறது. முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் படிவைச் சுடுநீரால் கழுவி, காயவிட்டு, கொஞ்சம் கிரீஸ் பூசி வைப்பது நல்ல பழக்கம்.

ஆகவே முடிவெடுக்க எளிய வழி இது. கடையில் இரண்டு பற்றரிகளின் விலையையும் கேளுங்கள். வித்தியாசத்தை அந்தப் பற்றரி உழைக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை, உங்கள் ஓட்டத்தில் வருடத்துக்கு மிச்சமாகும் பெற்றோலின் விலையைவிடக் கூடவா, குறைவா? திருகோணமலைக்கு உள்ளேயே ஓடும் காருக்கு மேலே வந்தது 2,600 ரூபா. பெரும்பாலும் பற்றரிச் செலவுதான் அதைவிடக் கூட வரும். வாரம் இருமுறை கொழும்புக்கு வேலையாகப் போய் அங்கேயே நகரத்துக்குள் அலைபவருக்குக் கணக்கு மாறிவிடும்.

கருவி இருக்கும் காரை வைத்திருப்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள். சரியான பற்றரியைப் போட்டு, கருவியை அதன் போக்கில் விடலாம். அல்லது ஒவ்வொரு தடவையும் புறப்படும்போது, வளைந்த அம்புக்குறியும் ஏ என்ற எழுத்தும் உள்ள பட்டனை அழுத்தி நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி வைத்தாலும் பற்றரி மாற்றும்போது சாதாரணமானதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நாள் மறந்தாலும், வீட்டில் வேறொருவர் ஓட்டினாலும், கருவி வேலை செய்யத் தொடங்கிவிடும். அத்தோடு இந்தக் கார்கள் பற்றரியை நிரப்பும் முறையும் வேறு. கருவியை எப்போதும் அணைத்து வைக்கும் சிறு கம்பி இணைப்புகளும் விற்பனைக்கு உண்டு. மின்சுற்றில் கைவைப்பதை நான் விரும்புவதில்லை.

நான் சொல்வது மூன்றாவது வழி: ஓடவிட்டு, காலால் ஆளுங்கள். பல கார்களில் பிரேக்கை மென்மையாக அழுத்தி நின்றால் எஞ்சின் அணையாது, ஆழமாக அழுத்தினால் அணையும். அணைந்த பின் ஸ்டியரிங்கைச் சற்று அசைத்தால் பல கார்களில் எஞ்சின் ஓடத் தொடங்கும். பிரதான வீதியில் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது இது முக்கியம். எதிரே கந்தளாய் பஸ் வேகமாக வர, இடைவெளி பார்த்துப் புகும் நேரத்தில் எஞ்சின் எழும்ப அரை விநாடி எடுத்தாலும் நெஞ்சு பதறும். அப்படியான திருப்பங்கள் நிறைந்த வழியில் போகிறீர்கள் என்றால் தயங்காமல் பட்டனை அழுத்திவிடுங்கள். பாதுகாப்போடு ஒப்பிட்டால் இந்தப் பெற்றோல் ஒன்றுமேயில்லை.

வாங்கப் போகிறவருக்கு இன்னொரு தெரிவு ஹைபிரிட். அக்குவா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் எஞ்சின் அணைவதும் ஓடுவதும் வண்டியின் இயல்பு. அவற்றில் சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டரே இல்லை. பெரிய மின் மோட்டர் ஒன்று எஞ்சினைச் சுழற்றுகிறது. ஏ.சி. கொம்பிரசரும் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் நிற்காது. நம் வெயிலுக்கு இது உண்மையான நன்மை, மேலே சொன்ன குறைகளில் பாதி இங்கே இல்லை. ஆனால் பழைய ஹைபிரிட்டின் பெரிய பற்றரி எவ்வளவு உழைத்திருக்கிறது என்று கண்டறியாமல் வாங்குவது ஆபத்து. பின் இருக்கையோரம் அந்தப் பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் இருக்கும். அதைப் பை வைத்து மூடாமல், தூசி அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017 இல் வந்த வேகன் ஆர் எஃப்.எக்ஸ்., எஃப்.இசட். போன்ற மென் ஹைபிரிட்கள் நடுவில் நிற்கின்றன. பெல்ட்டோடு இணைந்த மோட்டர் சத்தமும் அதிர்வும் இல்லாமல் எஞ்சினை எழுப்பும். அந்த மென்மைக்காக நான் அவற்றை விரும்புகிறேன். ஏ.சி. மட்டும் எஞ்சினையே நம்பியிருக்கிறது.

வசதியே இல்லாத பழைய காரை வைத்திருப்பவர் எதையும் இழக்கவில்லை. அவருடைய கையில் சாவி இருக்கிறது. நம்மூரில் பெற்றோல் வீணாவது சந்திகளில் அல்ல, காத்திருக்கும் இடங்களில். பாடசாலை விடும் நேரத்தில் வாசலுக்கு வந்து பாருங்கள். இருபது நிமிடம் முன்னதாகவே வந்து, ஏ.சி.யோடு எஞ்சினை ஓடவிட்டபடி கார்களும் வான்களும் வரிசையாக நிற்கின்றன. கியரை பார்க்கில் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாரதிக்கு எந்தத் தானியங்கிக் கருவியும் துணை செய்யாது. அணைந்தாலும் சூடு ஏறியதும் தானே ஓடத் தொடங்கிவிடும். இருபது நிமிடம், வருடத்துக்கு 180 பாடசாலை நாள் என்றால் 60 மணித்தியாலம். அதே 0.7 லீற்றர் கணக்கில் 42 லீற்றர், 12,600 ரூபா. சந்திகளில் கருவி மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன தொகையைவிடப் பல மடங்கு. வைத்தியசாலை வாசல், வங்கி வாசல், துறைமுக வீதியில் உறவினரை எதிர்பார்த்து நிற்பது எல்லாம் இதற்கு மேல்.

பணத்தை விடுங்கள். அந்த வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகம் வானின் புகைக்குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கிறோமா? டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் திட்டவட்டமாக வகைப்படுத்தியது. பிள்ளையை ஏற்ற வந்த வாகனமே அந்தப் பிள்ளைக்கும் பக்கத்தில் நிற்கும் நூறு பிள்ளைகளுக்கும் புகையைக் கொடுத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தாங்க முடியாத காட்சி. அந்தப் பத்து, இருபது நிமிடம் கண்ணாடியை இறக்கிவிட்டு வேப்பமர நிழலில் நிற்கலாம். நிழல் இல்லாத வாசல் என்றால் ஐந்து நிமிடம் பிந்தி வரலாம்.

நம்மால் முடியும் என்பதற்கு 2022 சாட்சி. அந்த ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பின்பு கியூ.ஆர். பங்கீட்டு முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் நிற்கும் இதே மாவட்டத்தில், வரிசை நகரும்போது எஞ்சினைப் போடாமல் வாகனத்தைக் கையால் தள்ளிக்கொண்டு போனோம். அப்போது யாருக்கும் கருவி தேவைப்படவில்லை. விலை இறங்கியதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள், விற்பவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தாலும், ஒரு பத்துக் கிலோமீற்றராவது ஓட்டிப் பாருங்கள். இடையில் ஏ.சி.யைக் குறைத்து, சமதரையில் பிரேக்கை ஆழமாக அழுத்தி நில்லுங்கள். எஞ்சின் ஒரு தடவையும் அணையாவிட்டால், அல்லது அந்த அம்புக்குறி விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், பற்றரி களைத்திருக்கிறது அல்லது தவறான பற்றரி போட்டிருக்கிறார்கள் என்பதே அதிக வாய்ப்பு. பொனற்றைத் திறந்து பற்றரியின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள். புதிதாகச் சரியான பற்றரி போட்டும் அணையவில்லை என்றால், கணினியில் பழைய பற்றரியின் பதிவை அழிக்காமல் விட்டிருக்கலாம்; பல ஜப்பானியக் கார்களில் பற்றரி மாற்றிய பின் அதை ஸ்கேனர் கொண்டு மீளமைக்க வேண்டும், அதற்கான ஸ்கேனர் உள்ள கராஜுக்கே போங்கள். பற்றரிதான் குற்றவாளி என்று தெரிந்தால் அதன் விலையை அன்றே கடையில் கேட்டறிந்து, பேசும் விலையில் கழித்துக் கேளுங்கள்.